பெயர்ப்பலகை செதுக்க வீட்டிலேயே ஒரு சிஎன்சி ரூட்டர்: எதைக் கட்டுவது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஒரு வீட்டுக்கோ கடைக்கோ பெயர்ப்பலகை வைத்தால் இரண்டு எழுத்தாவது வேண்டும். கேரளம் என்பதால் மலையாளம், வந்துபோகிறவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் தமிழ். பையன் பெங்களூரில் வேலை பார்த்தால் இங்கிலீஷும் சேர்ந்துகொள்ளும். கையால் எழுத்துச் செதுக்கும் ஆசாரிகள் குறைந்துவிட்டார்கள். இருப்பவர்களுக்குக் கதவு, ஜன்னல் வேலைக்கே நேரம் போதவில்லை. அதனால் இந்தப் பக்கத்துப் பட்டறைகளிலும் கார் ஷெட்டுகளிலும் 'நாமே ஒரு சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி கத்தியை நகர்த்தி மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) கட்டினால் என்ன?' என்ற பேச்சு அடிக்கடி கிளம்புகிறது.

கட்டலாம். ஆனால் கேட்கிறவர்கள் முதலில் விசாரிப்பது மோட்டார் எத்தனை கிலோ இழுக்கும், ஸ்பிண்டில் (கத்தியைச் சுற்றும் மோட்டார்) எத்தனை வாட் என்பதைத்தான். நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுவேன். கத்தியின் நுனி அசையாமல் நிற்கவேண்டும்; அதற்கு வேண்டியது சட்டமும் ரெயிலும். காசில் பெரும்பங்கை அங்கே போட்டுவிட்டு மிச்சத்தில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடுதான் எடைபோட்டிருக்கிறேன்.

கட்டத்தான் வேண்டுமா?

வருஷத்துக்கு நாலைந்து பலகைதான் என்றால் வேண்டாம். கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் எட்டுக்கு நாலு அடி ஷீட்டை அப்படியே படுக்கவைத்து வெட்டும் பெரிய ரூட்டர் வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. பூஜை அறைக் கதவு, ஜாலி, எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) டிசைன் எல்லாம் அங்கேதான் ஓடுகிறது. வரைபடத்தை அனுப்பினால் வெட்டித் தருவார்கள். சின்ன வேலையை ஓரங்கட்டுவார்கள், பண்டிகைக்கு முன்னால் போனை எடுக்கமாட்டார்கள், குறை அவ்வளவுதான். நாலு பலகைக்காக ஒரு இயந்திரத்தைக் கட்டி, அதற்கு ஒரு அறையை ஒதுக்கி, தூசியைக் கூட்டிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கட்டுவதே பொழுதுபோக்கு, அல்லது மாதம் நாலைந்து பலகையாவது போகும் என்கிறவர்கள் மேலே படிக்கலாம்.

அளவை முடிவுசெய்வதுதான் முதல் வேலை. வீட்டுப் பெயர்ப்பலகை பெரும்பாலும் இரண்டடி நீளம், முக்கால் அடி அகலத்துக்குள் அடங்கிவிடும். 600-க்கு 400 மி.மீ. வெட்டும் பரப்பு இருந்தால் போதும். எப்போதாவது நாலடிக் கடைப்பலகை வந்தால் பாதியை வெட்டிவிட்டு, பலகையை நகர்த்தி மீதியை வெட்டலாம்; இரண்டு ஊசித்துளை போட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் சேருமிடம் தெரியாது. 'எதற்கும் இருக்கட்டும், நாலுக்கு நாலாகவே கட்டிவிடுவோம்' என்ற ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ளவேண்டியதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது.

தொய்வுக் கணக்கு

மேடைக்குக் குறுக்கே பாலமாக நிற்பது கேன்ட்ரி. அதன்மேல் இடம் வலமாக ஓடும் வண்டியில்தான் கத்தியைச் சுற்றும் கை ரூட்டர் தொங்குகிறது. ரூட்டர், அதை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சுத் தட்டு, அதற்கான மோட்டார் எல்லாம் சேர்ந்து வண்டி 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கேன்ட்ரியின் இரு தாங்கல்களுக்கும் இடையே 600 மி.மீ. வண்டி நடுவில் நிற்கும்போது, இரண்டு முனையில் மட்டும் தாங்கிய இரண்டு 12 மி.மீ. எஃகுக் கம்பிகள் சுமார் 0.43 மி.மீ. தொய்யும். கம்பி 16 மி.மீ. ஆனால் 0.14, 20 மி.மீ. ஆனால் 0.06. அதே இடத்தில் 50-க்கு 50, 3 மி.மீ. கனத்தில் ஒரே ஒரு சதுர இரும்புப் பைப்பை வைத்தால் தொய்வு 0.004 மி.மீ.தான்.

இதில் வேடிக்கை, அந்தப் பைப் மீட்டருக்கு நாலரை கிலோகூட இல்லை. 20 மி.மீ. கம்பி இரண்டும் சேர்ந்தால் மீட்டருக்கு ஐந்து கிலோவை ஒட்டி வரும். எடையும் குறைவு, விலையும் குறைவு, விறைப்போ பத்து மடங்குக்கு மேல். இரும்பு நடுவில் திரண்டிருப்பதைவிட விளிம்பில் இருந்தால் வளைவதை நன்றாகத் தடுக்கும்.

நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்கு. கம்பியின் விட்டம் இரட்டித்தால் தொய்வு பதினாறில் ஒரு பங்கு. அதே 12 மி.மீ. கம்பி ஒரு அடி அகலத்துக்கு ஒழுங்காகவே வேலை செய்யும். இரண்டடிக்குப் போனதும் காலை வாரிவிடும். அளவைக் கூட்டவேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாததற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். பெயர்ப்பலகை எழுத்தை வி-பிட் (நுனி வி வடிவில் கூரான கத்தி) கொண்டு செதுக்குகிறோம். 90 டிகிரி வி-பிட்டில் கோட்டின் அகலம், ஆழத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு. கத்தி 0.43 மி.மீ. கூடுதலாக இறங்கினால் கோடு 0.86 மி.மீ. தடிக்கும். ஓரத்தில் இருக்கும் எழுத்து மெலிந்தும் நடுவில் இருக்கும் எழுத்து தடித்தும் தெரியும். சும்மா பார்க்கிறவருக்கே கண்ணில் படும். காசு கொடுத்தவருக்குக் கட்டாயம் படும்.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒன்று சொல்வார்கள்: மேடைமேல் ஒரு எம்டிஎஃப் பலகையைத் திருகி, அதே இயந்திரத்தால் மேற்பரப்பைச் சீவிவிட்டால் தொய்வும் அதிலேயே பதிந்துவிடும், பிறகு வித்தியாசம் வராது என்று. மெல்லிய பிளைவுட்டை அழுத்திப் பிடித்து வெட்டினால் சரிதான். ஒரு அங்குலத் தேக்குப் பலகை அந்தக் குழிக்குள் வளைந்து உட்காராது. தவிர, சீவும்போது இருந்தது எடையால் வந்த தொய்வு மட்டும். கெட்டி மரத்தை வெட்டும்போது கத்தி எதிர்த்துத் தள்ளுவதால் வரும் வளைவு வேறு கணக்கு. அது எந்தச் சீவலிலும் பதியாது.

கட்டிமுடித்த ஒரு இயந்திரத்தைச் சோதிக்க டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) ஒன்று போதும். காந்த அடியை மேடையில் ஒட்டி, ஊசியைக் கத்தியின் நுனியில் முட்டவைத்து, நுனியைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தள்ளவேண்டும். சித்தூரில் ஒரு நண்பரின் கம்பி ரக இயந்திரத்தில் இப்படித் தள்ளியபோது முள் அரை மில்லிமீட்டரை நெருங்கி நடுங்கிக்கொண்டு நின்றது. விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வரவில்லை, கொஞ்சம் தள்ளியே நின்றது. பக்கத்தில் நின்ற ஆசாரி எட்டிப்பார்த்துவிட்டு, "மூக்கே ஆடுது பாருங்க தம்பி, இதை வெச்சு அயனி மரத்துல எப்படிங்க எழுத்து எடுப்பீங்க?" என்றார். திரும்பி வராத அந்தக் கொஞ்சம்தான் இன்னும் மோசம். அது வளைவு அல்ல. எங்கோ ஒரு போல்ட்டிலோ பேரிங்கிலோ இருக்கும் விளையாட்டம், அதாவது தளர்வு.

சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால்

கடையில் பெட்டியாகக் கிடைக்கும் 3018 கிட்தான் எல்லோரும் முதலில் பார்ப்பது. பெயரிலேயே அளவு இருக்கிறது: 30-க்கு 18 செ.மீ. நெமா 17 என்ற சின்ன அளவு ஸ்டெப்பர் (படிப்படியாகத் திரும்பும்) மோட்டார், மெல்லிய கம்பிகள், ஒரு சின்ன டிசி மோட்டார். பதினைந்தாயிரத்தைச் சுற்றி ஏதாவது ஒரு ரகம் கிடைத்துவிடும். பிசிபி (மின்சுற்றுப் பலகை), அக்ரிலிக் கீசெயின், ரப்பர் ஸ்டாம்ப் போன்றவற்றுக்கு நல்லது. ஜி-கோட் (இயந்திரத்துக்கு நகர்வைச் சொல்லும் கட்டளை மொழி) கற்றுக்கொள்ள இதைவிட ஆபத்தில்லாத வழி கிடையாது. தேக்கில் பெயர்ப்பலகைக்கு லாயக்கில்லை. இதன் மோட்டாரில் சுற்றுவேகமும் முறுக்கமும் இரண்டுமே குறைவு, ஆகவே ஒவ்வொரு தடவையும் அரை மில்லிமீட்டர் என்று சுரண்டிக்கொண்டே இருக்கும். பலகையும் உள்ளே நுழையாது.

அடுத்தது பிளைவுட் அல்லது எம்டிஎஃப் சட்டம், ரெயிலுக்குப் பதில் டிராயர் சேனல். செலவு மிகக் குறைவு, மரவேலை தெரிந்தவர் ஒரு வாரக் கடைசியில் நிமிர்த்திவிடலாம். ஆனால் நம் ஊரில் இடவப்பாதி என்று ஒன்று இருக்கிறது. ஜூனில் ஆரம்பிக்கும் மழை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றோடு உள்ளே வந்தால் எம்டிஎஃப் ஈரத்தை உறிஞ்சி ஊதும், திருகு பிடித்த இடம் பொலபொலவென்று ஆகும். மார்ச்சில் மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்த சட்டம் ஜூலையில் கோணலாக நிற்கும். மரத்தில்தான் கட்டுவேன் என்றால் 710 கிரேடு மரைன் பிளைவுட் எடுத்து, விளிம்பு உட்பட எல்லா முகத்துக்கும் வார்னிஷ் அடிக்கவேண்டும். டிராயர் சேனல் மேசை இழுப்பறைக்குத்தான் சரி. பக்கவாட்டில் ஆட்டிப்பார்த்தால் நீங்களே கைவிட்டுவிடுவீர்கள்.

த்ரீடி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் எம்பிசிஎன்சி என்ற வடிவமைப்பின் பக்கம் போவார்கள். இணைப்புப் பாகங்களை அச்சடித்துக்கொண்டு, மாடிப்படிக் கைப்பிடிக்கு வாங்கும் ஒரு அங்குல எஸ்எஸ் பைப்பைச் செருகினால் இயந்திரம் நிற்கும். வடிவமைப்பு புத்திசாலித்தனமானது, பைப் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். தெர்மோகோல், பிளைவுட், மென்மரம் வெட்டப் போதும். அச்சடிக்கும் பிளாஸ்டிக்கில் மட்டும் கவனம் வேண்டும். பிஎல்ஏ வகை 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். பாலக்காட்டு ஏப்ரலில் தகரக்கூரைக்குக் கீழே காற்றே 40 டிகிரி. ஸ்டெப்பர் மோட்டார் அதற்குமேல் சுடும். மோட்டார் பிடித்திருக்கும் பாகம் மெல்லமெல்லச் சாய்ந்துவிடும். பிஇடிஜி வகை பிளாஸ்டிக் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நான்காவது, அலுமினியம் புரொஃபைல் (நீளப் பள்ளம் உள்ள கம்பம்) சட்டத்தில் வி-வீல் சக்கரம் உருளும் வகை. பார்க்க அழகு, வெல்டிங் வேண்டாம், ஆலன் கீ ஒன்றே ஆயுதம். தப்பாகப் போனால் கழற்றி மறுபடி பூட்டலாம். முதல்தடவை கட்டுகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுவே போதும் என்றுகூடச் சொல்வேன், கேன்ட்ரிக்குக் குறைந்தது 40-க்கு 80 புரொஃபைல் போட்டால். பலவீனம் சக்கரத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் சக்கரம் தேயும், மரத்தூள் பள்ளத்தில் படிந்து கட்டி தட்டும், நட்டைத் திருகி அடிக்கடி இறுக்கவேண்டும். சின்னப் பராமரிப்புத்தான், ஆனால் ஓயாது.

ஐந்தாவதாக, நான் கைகாட்டும் வகை: சதுர இரும்புப் பைப் சட்டம், எஃகு ரெயில், பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகுத்தண்டு). 600-க்கு 400 அளவில் புதுச் சாமான்களாக வாங்கினால் ரூட்டர் உட்பட எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம்வரை போகலாம். 3018-ஐவிடப் பல மடங்கு. ஆனால் தேக்கும் பலாவும் மகாகனியும் இதில் தைரியமாக வெட்டலாம், கொஞ்சம் பழகியபின் அலுமினியத் தகட்டையும் பார்க்கலாம்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. கடையில் வாங்கும் பைப் நேராக இருப்பதுபோல் தெரியும். ஒரு நல்ல நேர்விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கு தெரியும். அதன்மேல் ரெயிலை அப்படியே போல்ட் போட்டு இறுக்கினால் ரெயிலும் பைப்பின் வளைவுக்கே வளைந்துகொள்ளும். வெல்டிங் வைத்தால் சூட்டில் இன்னும் இழுக்கும். அதனால் முடிந்தவரை போல்ட் போட்டே பூட்டுங்கள். வெல்டிங்தான் என்றால் ஒரே பக்கம் ஓட்டாமல் எதிரெதிர் மூலையாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றுதானா என்று பார்த்துப்பார்த்து முடிக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்து வெல்டிங் பட்டறைகளில் கேட் செய்து பழகியவர்கள் அதிகம். கேட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. நின்று பார்க்காமல் விட்டுவிட்டு வந்தால் கேட்தான் கிடைக்கும். ரெயில் உட்காரும் முகத்தை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து மில்லிங் செய்துகொள்ளலாம். அல்லது நீர்மாதிரி ஓடும் எபாக்ஸியை ஊற்றி, தானாகவே மட்டமாக உறையவிட்டு, அதன்மேல் ரெயிலைப் பூட்டலாம்.

ரெயிலில் எஸ்பிஆரா, எச்ஜிஆரா? எஸ்பிஆர் என்பது அலுமினிய அடித்தளத்தில் முழுநீளமும் தாங்கிய உருண்டைக் கம்பி. அதனால் நான் மேலே போட்ட தொய்வுக் கணக்கு அதற்குப் பொருந்தாது. விலை குறைவு, பைப்பின் சின்ன மேடுபள்ளத்தைப் பொறுத்துக்கொள்ளும். பேரிங்கின் அடிப்பக்கம் திறந்திருப்பதால் தூசி புகும், மேல்நோக்கி இழுக்கும் விசையில் கொஞ்சம் தளரும். எச்ஜிஆர் சதுர ரெயில் நாலு திசையிலும் ஒரே உறுதி, ஆனால் உட்காரும் முகம் மட்டமாக இல்லாவிட்டால் வண்டி நடுவழியில் இறுகி நிற்கும். முகத்தை மட்டமாக்க வழி இருந்தால் எச்ஜிஆர் 15. இல்லையென்றால் எஸ்பிஆர் 16 வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

சாமான் எங்கே என்ற கேள்விக்கு, நமக்குக் கோயம்புத்தூர் பக்கத்தில் இருப்பது பெரிய கொடுப்பினை. பம்பும் மோட்டாரும் ஜவுளி இயந்திரமும் செய்யும் ஊர் என்பதால் பேரிங், ரெயில், கப்ளிங் எல்லாம் கையில் எடுத்துப்பார்த்து வாங்கலாம். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் இங்கே தடைசெய்யப்பட்ட பிறகு சீனாவிலிருந்து நேரே வரவழைக்கும் பழைய சுலபமும் போயிற்று. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கழித்துப்போட்ட இயந்திரத்தின் ரெயில் கிடைத்தால் வண்டியைப் பிடித்து நாலு பக்கமும் திருகிப்பாருங்கள். கடகடவென்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பைப் இருபதடி நீளத்தில்தான் வரும். கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பஸ் கண்டக்டரிடம் சமாதானம் சொல்லவேண்டிவரும்.

பெல்ட், டி8, பால் ஸ்க்ரூ

மோட்டாரின் சுற்றை நகர்வாக மாற்ற இந்த மூன்றில் எது? சட்டம் முடிவானால் இது பாதி தானாகவே முடிவாகிவிடும். ஜிடி2 பெல்ட் 20 பல் புல்லியில் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. ஓடும், வேகம், மலிவு, தூசிக்கு அஞ்சாது. ஆனால் கெட்டி மரத்தில் பெல்ட் ரப்பராக இழுபடும். வி-வீல் வகைக்குப் பொருத்தம், 6 மி.மீ. அகலத்தை விட்டு 9 மி.மீ. எடுத்தால் நல்லது.

டி8 ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும். பித்தளை நட் தேய்ந்து விளையாட்டம் வரும், ஸ்பிரிங் வைத்த இரட்டை நட் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். நீளம் இரண்டடி தாண்டி வேகமாகச் சுற்றினால் மெல்லிய தண்டு நடுவில் சாட்டையாகச் சுழலும். எஸ்எஃப்யூ 1605 பால் ஸ்க்ரூ 16 மி.மீ. தடிமன், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. விளையாட்டம் மிகக் குறைவு, உராய்வும் குறைவு. பெரிய அளவான நெமா 23 மோட்டாரை ஒரு சுற்றுக்கு 1,600 மைக்ரோஸ்டெப் (நுண்படி) வைத்து ஓட்டினால் மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப். நம் வேலைக்கு அது தாராளம்.

உராய்வு குறைவு என்பதில் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. கரண்ட் போனால் இசட் அச்சில் பால் ஸ்க்ரூ தானாகவே சுற்றி, ரூட்டர் பலகைமேல் இறங்கிவிடும். அதனால் எக்ஸ், ஒய் (இடவலம், முன்பின்) இரண்டுக்கும் 1605 போட்டு, இசட்டுக்கு ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. மட்டும் நகரும் எட்டு மில்லிமீட்டர் தடிமன் ஸ்க்ரூ போடுவது என் விருப்பம். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் விட்ட இடத்தில் நிற்கும். எழுத்து வேலையில் இசட் ஓயாமல் ஏறி இறங்குமே என்று சிலர் பால் ஸ்க்ரூ போட்டு, எடையைத் தாங்க ஒரு கேஸ் ஸ்பிரிங் வைப்பார்கள். அதுவும் சரிதான்.

ரூட்டரா ஸ்பிண்டிலா

இதில் என் பதில் சுருக்கம்: முதல் வருஷத்துக்குக் கையடக்க டிரிம் ரூட்டர். மக்கீட்டா ஆர்டி 0700 சி 710 வாட், வேகத்தை 10,000 முதல் 30,000 ஆர்பிஎம் வரை மாற்றலாம். வேகம் மாற்றமுடியாத மலிவு ரூட்டர் வாங்கவேண்டாம். காரணம், வெட்டும் வேகம் என்பது ஆர்பிஎம், பல் எண்ணிக்கை, ஒரு பல் எடுக்கும் சீவல் மூன்றின் பெருக்கல். 18,000 ஆர்பிஎம், இரண்டு பல், பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் நிமிஷத்துக்கு 1,800 மி.மீ. ஓட்டவேண்டும். 30,000-இல் மட்டுமே சுற்றும் ரூட்டரில் அதே சீவலுக்கு 3,000 மி.மீ. வேகம் வேண்டும். வீட்டு இயந்திரம் அவ்வளவு வேகத்தில் கெட்டி மரத்தில் போகாது. மெதுவாகப் போனால் பல் மரத்தை வெட்டாமல் தேய்க்கும், விளிம்பு கருகும், பிட் மழுங்கும். தேக்கில் சிலிக்கா வேறு இருக்கிறது.

குறைகள்: காது கிழியும் சத்தம், கார்பன் பிரஷ் தேய்வது, கோலெட் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி) அளவு. மூன்று மில்லிமீட்டர்ச் சில்லறை அளவுள்ள சின்ன பிட்களைப் பிடிக்க ஒரு ஸ்லீவ் வேண்டியிருக்கும், மலிவு ஸ்லீவ் கொஞ்சம் கோணலாகப் பிடிக்கும்.

தண்ணீரில் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் சுகமான சாதனம். 400 ஹெர்ட்ஸில் 24,000 ஆர்பிஎம், இஆர்20 கோலெட்டில் 13 மி.மீ. வரை பிடிக்கும், பக்கத்தில் நின்று பேசலாம். கூடவே விஎஃப்டி (ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் மின்கருவி), பம்பு, வாளி, குழாய், 16 ஆம்ப் பவர் பிளக் எல்லாம் வரும். எடை ஏறும், இசட் அச்சை அதற்கென்று கட்டவேண்டும். விஎஃப்டியின் மின்னிரைச்சல் லிமிட் சுவிட்ச் (அச்சின் எல்லையைக் காட்டும் சுவிட்ச்) ஒயரில் ஏறி, யாரும் தொடாமலேயே இயந்திரம் 'அலாரம்' என்று நிற்கும். ஷீல்டு கேபிள், ஒழுங்கான எர்த், சிக்னல் ஒயரைத் தள்ளிக் கொண்டுபோவது எல்லாம் அப்போது கட்டாயம். விஎஃப்டியின் கசிவு மின்சாரத்தால் வீட்டு ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் பிரேக்கர்) விழுவதும் உண்டு. அதைப் பிடுங்கிப்போடுகிற எலக்ட்ரீஷியன் சொன்னால் கேட்காதீர்கள். பட்டறைக்கென்று தனி லைன் இழுத்து, விஎஃப்டிக்கு ஏற்ற வகை ஈஎல்சிபி போடச் சொல்லுங்கள்.

மூளை

ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் ஓடி, ஜி-கோடைப் படித்து மோட்டார்களை நகர்த்தும் ஜிஆர்பிஎல் இலவச மென்பொருள். நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் தொடங்கியது. இன்றைக்கும் மூன்றச்சு வீட்டு ரூட்டருக்கு அதுவே போதும். ஊனோ, அதன்மேல் சிஎன்சி ஷீல்டு, வெளியே மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிஎம் 542 டிரைவர் மூன்றோ நான்கோ. ஷீல்டில் குத்தும் சின்ன ஏ4988 டிரைவர்கள் 2 ஆம்புக்கு மேல் தாங்காது. நெமா 23-க்கு அவற்றைப் போட்டுச் சூடாக்கவேண்டாம். ஒய் அச்சுக்கு இரண்டு பக்கமும் மோட்டார் வைத்து, ஒவ்வொன்றும் தன் சுவிட்சைத் தனியாகத் தொட்டுக் கேன்ட்ரியை நேராக்கிக்கொள்ளவேண்டும் என்றால் ஈஎஸ்பி32 போர்டில் ஓடும் ஃப்ளூயிட்என்சி நல்லது. பழைய கம்ப்யூட்டரும் பேரலல் போர்ட்டும் லினக்ஸ் பழக்கமும் இருந்தால் லினக்ஸ்சிஎன்சி மூன்றிலும் வலியது. புதிதாக ஆரம்பிக்கிறவர் விண்டோஸில் ஓடும் பழைய மேக்3-க்குப் போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எதை எடுத்தாலும் ஹோமிங் சுவிட்சை (இயந்திரம் தொட்டுப்பார்த்துத் தன் தொடக்க மூலையை அறியும் சுவிட்சை) விடாதீர்கள். கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) கரண்டை எப்போது எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது, இடி மின்னல் மாதங்களில் கேட்கவே வேண்டாம். பாதி எழுத்தில் நின்றால் ஜிஆர்பிஎல்லுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது மறந்துவிடும். ஆனால் பலகையின் தொடக்கப் புள்ளியை ஜி54 என்ற நினைவிடத்தில் பதிந்துவைத்திருந்தால் அது அழியாது. கரண்ட் வந்ததும் ஹோமிங் செய்துவிட்டு, நின்ற வரிக்குச் சில வரி முன்னாலிருந்து ஓட்டினால் பலகை பிழைத்துவிடும். சுவிட்ச் இல்லாதவர் கண்ணளவில் நிறுத்தித் தொடங்கவேண்டும், எழுத்தில் தழும்பு நிற்கும்.

ஓடும்போது விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது வேண்டாம். பிட் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தால் தூள் புகையும். கைக்கெட்டும் இடத்தில் எமர்ஜென்சி சுவிட்ச், எம்டிஎஃப் வெட்டும்போது மூக்குக்கு நல்ல மாஸ்க்.

எழுத்து

மென்பொருள் ஒப்பீடு என்று பார்த்தால் நம் வேலைக்கு முக்கியமான சோதனை ஒன்றுதான்: தமிழும் மலையாளமும் உடையாமல் வருகிறதா? செதுக்கு மென்பொருள்கள் சில, எழுத்துருவை நேரே எடுத்து ஒவ்வொரு எழுத்தாக இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே போகும். இங்கிலீஷுக்கு அது போதும். தமிழில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வரவேண்டும். இவை பின்னால் போட்டுவிடும், அல்லது புள்ளிவட்டத்தோடு தனியே தொங்கவிடும். மலையாளக் கூட்டெழுத்து இன்னும் பாவம், சந்திரக்கலை (மெய்யைக் காட்டும் பிறைக்குறி) போட்டுத் துண்டுதுண்டாக நிற்கும்.

இதற்காகக் காசு கொடுத்து வேறு மென்பொருள் தேடவேண்டியதில்லை. இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் யூனிகோடில் அடித்தால் இரண்டு மொழியும் ஒழுங்காக அமரும். அங்கேயே எழுத்தைப் பாதையாக மாற்றி எஸ்விஜியாகச் சேமித்துவிட்டால் அப்புறம் அது வெறும் கோடு. ஃப்ரீகேட், ஃப்யூஷன் என்று வெட்டுப்பாதை போடும் எந்த மென்பொருளில் ஏற்றினாலும் மாறாது. ஃப்யூஷனின் இலவசப் பதிப்பில் 2020-இலிருந்து கத்தி வெட்டாமல் தாவும் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. எழுத்து வேலையில் தாவல்கள் அதிகம் என்பதால் அந்த நேரம் நீளும்.

எழுத்துரு தேர்வில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். தடித்த பகுதி 6 மி.மீ. அகலம் என்றால் 90 டிகிரி பிட் 3 மி.மீ. ஆழம் போகும், 60 டிகிரி பிட் 5 மி.மீ.யைத் தாண்டும். முக்கால் அங்குலப் பலகைக்கு அந்த ஆழம் கூடுதல்தான், ஆனால் நிழல் விழுந்து எழுத்து தூரத்திலிருந்தே தெரியும். மலையாளத்தின் உருண்டைச் சுழிகளுக்கு 60 டிகிரிதான் எனக்குப் பிடிக்கும். தமிழுக்கு 90 போதும். ஒரே பலகையில் இரண்டும் வந்தால் பிட் மாற்றச் சோம்பல்பட்டு 60-ஐயே ஓட்டிவிடலாம்.

கௌரி, சௌந்தர்யா, மௌலி என்று பெயர் வந்தால் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களில் நிறையப் பேர் கொம்புக்குப் பக்கத்தில் ளகரத்தை அடித்து அனுப்புகிறார்கள். திரையில் பார்த்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது, அரையடி உயர எழுத்தில் பளிச்சென்று தெரியும். உண்மை அளவிலேயே காகிதத்தில் அச்செடுத்து, வீட்டுக்காரரிடம் காட்டி, சரி என்று அதிலேயே ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்புறம் ரூட்டரை ஓட்டுங்கள்.